பால்மர நாட்டின் நீலக் கையுறை

அருங்காட்சியகப் பணியாளர்கள் அணிந்து கழற்றிப் போடும் கையுறை பெரும்பாலும் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரால் ஆனது. எடை மூன்று முதல் ஐந்து கிராம். நிறம் பெரும்பாலும் நீலம். ஒரு வெள்ளிக் கிண்ணத்தைப் பேழையிலிருந்து எடுத்து, அளந்து, படம் பிடித்து, மறுபடி அதன் இடத்தில் வைக்கும் அரை மணி நேரத்தோடு பல கையுறைகளின் ஆயுள் முடிந்துவிடும். கழற்றும்போது அதில் ரத்தக் கறை இருக்காது. நோய்க்கிருமி பற்றிய அச்சமும் வேண்டியதில்லை. மருத்துவமனைக் கையுறை நோயிலிருந்து மனிதரைக் காக்கிறது. இங்கோ பெரும்பாலான வேலைகளில் மனித விரலின் வியர்வையிலிருந்து பழம்பொருளைக் காக்கத்தான் கையுறை. ஆகவே உலகம் எறியும் கையுறைகளிலேயே இது மிகச் சுத்தமான வகையைச் சேர்ந்தது. மறுசுழற்சிக்கு முதல் தகுதி இதற்குத்தான். ஆனாலும் இதன் பெரும்பகுதி மற்றக் குப்பையோடு சேர்ந்தே போகிறது.

அந்தத் தகுதி எந்த இடத்தில் வீணாகிறது என்று பார்க்க மலாயாத் தீபகற்பத்தின் மேற்குக் கரைச் சாலையைவிடப் பொருத்தமான வழி இல்லை. வடக்கே பேராக் மாநிலத்தின் கோலகங்சாரிலிருந்து தைப்பிங், கிள்ளான், நெகிரி செம்பிலான் வழியாகச் சிங்கப்பூர் வரை செல்லும் அந்தப் பாதையில் ரப்பரின் பிறப்பு, அருங்காட்சியகம், கையுறை ஆலை, நச்சுக் கழிவு மையம், சாம்பல் தீவு எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன.

கோலகங்சார் பேராக் ஆற்றங்கரையில் அமைந்த அரச நகரம். அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகில் ஒரு முதிய ரப்பர் மரம் பாதுகாக்கப்படுகிறது. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவற்றில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது, அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோவின் கோலகங்சார் தோட்டத்தில் வேர் பிடித்தன. இன்று நிற்கும் மரம் அந்த ஒன்பதில் ஒன்று. பின்னர் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி, மரத்துக்குக் கேடில்லாமல் தொடர்ந்து பால் எடுக்கும் வெட்டுமுறையை 1890-களில் செம்மைப்படுத்தினார். மோட்டார் வாகனம் வந்து டயருக்குத் தேவை பெருகியதும் மேற்குக் கரை முழுவதும் பால்மரக் காடாயிற்று.

அந்தக் காட்டில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் கங்காணி என்னும் ஆள்சேர்ப்பு முறையில் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள். விடியுமுன் மரம் வெட்டினார்கள். மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து எடைக்குக் கொண்டுபோனார்கள். வெட்டுவாயில் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பாலையும் உரித்துத் தனியே சேர்த்தார்கள். அதற்கும் ஒரு விலை இருந்தது. பிசிறு கூட வீணாகாத தொழிலாக இருந்த ரப்பர், ஒருமுறை அணிந்து எறியும் பண்டமாக மாறியது இதே மண்ணில்தான். அந்த மாற்றத்துக்கு நூறாண்டுகூட ஆகவில்லை.

கோலகங்சாரிலிருந்து புக்கிட் பெராப்பிட் கணவாயைக் கடந்தால் தைப்பிங். தீபகற்பத்தில் மிகுதியாக மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. மலாயாவின் முதல் ரயில் 1885-இல் ஓடியதும் இங்கிருந்துதான். ஊரின் பழைய சிறைக்கு எதிரே நிற்கிறது பேராக் அருங்காட்சியகம். 1883-இல் தொடங்கப்பட்ட இது இன்றைய மலேசியாவின் மிகப் பழைய அருங்காட்சியகம். இதை உருவாக்கியவரும் அதே ஹியூ லோ. முதல் காப்பாளர் லியோனார்ட் ரே. பாடம் செய்யப்பட்ட விலங்குகள், பறவைகள், கிரிசுக் கத்திகள், பீங்கான், துணி, ஒராங் அஸ்லி என்னும் பழங்குடி மக்களின் கைவினைப் பொருள்கள் என்று சேர்ந்த தொகுப்பு அது. ரப்பரையும் அருங்காட்சியகத்தையும் இந்த மாநிலத்தில் ஊன்றிய கை ஒன்றே என்பதைத் தைப்பிங் வந்து பார்ப்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டிய செய்தி அது.

இத்தகைய தொகுப்பைத் தொடுவதற்குக் கையுறை ஏன் வேண்டும் என்பதைப் பொருள்வாரியாகத்தான் சொல்ல முடியும். விரலின் வியர்வையில் உப்பும் கொழுப்பும் அமிலமும் உண்டு. மெருகேற்றிய உலோகத்தில் ஒருமுறை பதிந்த கைரேகை, துடைக்காமல் விட்டால் நாளடைவில் அரிப்பாக நின்றுவிடும். கிரிசின் அலைபோல் வளைந்த இரும்பு அலகும், சொங்கெட் துணியில் ஓடும் சரிகையும், மலாய்க் கைவினைஞர்கள் செதுக்கிய வெள்ளிச் செப்புகளும் இப்படிப்பட்டவை. முன்பு வெள்ளைப் பருத்திக் கையுறை அணிந்தார்கள். அது வியர்வையை உள்ளே விடும். அதன் இழை சிம்பில் மாட்டும். வழவழப்பான பொருள் நழுவும். பிறகு வந்த இயற்கை ரப்பர் (லேட்டக்ஸ்) கையுறையை வலுவாக்கும் வல்கனைசு முறையில் கந்தகம் சேர்க்கிறார்கள். வெள்ளி கறுப்பதற்குக் கந்தகமே காரணம். 1980-களின் பிற்பகுதியில் எய்ட்ஸ் அச்சத்தால் மருத்துவத் துறையில் லேட்டக்ஸ் கையுறை பெருகியபோது, அதன் புரதத்தால் ஒவ்வாமை கண்டவர்களும் பெருகினார்கள். அதன் பின்னரே மெல்லிய நைட்ரைல் கையுறை இடம்பிடித்தது. நைட்ரைல் ரப்பர் 1930-களிலேயே ஜெர்மனியில் உருவானது. எண்ணெயில் ஊறாது என்பதால் குழாய்க்கும் வாஷருக்கும் பயன்பட்டு வந்தது. அணிந்து எறியும் மெல்லிய கையுறையாக அது வந்தது அறுபது ஆண்டு கழித்துத்தான்.

நைட்ரைல் என்றாலே வெள்ளிக்குத் தீங்கில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பல வகை நைட்ரைலிலும் கந்தகமும் வினையை விரைவுபடுத்தும், கந்தகம் கலந்த முடுக்கிகளும் உண்டு. ஒரு பொருள் பழம்பொருளுக்கு ஆகுமா என்று சோதிக்க, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் வகுத்த முறை இன்றும் நடப்பில் உள்ளது. வெள்ளி, செம்பு, ஈயம் ஆகிய மூன்றின் துண்டுகளைச் சோதிக்க வேண்டிய பொருளோடு ஈரப்பதமுள்ள கண்ணாடிக் குழாயில் அடைத்து, 60 டிகிரி வெப்பத்தில் 28 நாள் வைப்பார்கள். உலோகம் நிறம் மாறினால் அந்தப் பொருள் தள்ளுபடி. கையுறை வாங்கும்போதே இந்தச் சோதனையைக் கேட்கும் அருங்காட்சியகம், கழிவைப் பற்றிய கேள்வியையும் அதே விலைக் கோரிக்கையில் சேர்த்துவிடலாம்.

தைப்பிங் போன்ற புழுக்கமான ஊரில் இன்னொரு சிக்கல். கையுறைக்குள் கை சீக்கிரம் நனைந்துவிடும். நனைந்த கையுறையை மாற்றாமல் வேலை செய்தால் மணிக்கட்டு வழியே வியர்வை சொட்டும். குளிர்நாட்டு அருங்காட்சியகத்தில் ஒரு இணை போதுமான வேலைக்கு இங்கே இரண்டு மூன்று இணை செலவாகும். வெப்பமண்டல அருங்காட்சியகங்களின் கையுறைக் கழிவை ஐரோப்பியக் கணக்கை வைத்து மதிப்பிடுவது தவறு.

எண்ணிக்கையைக் குறைக்கும் வழி, எங்கே கையுறை வேண்டாம் என்று தெரிந்திருப்பதில் தொடங்குகிறது. நூல், ஏடு, காகிதக் கையெழுத்துப்படி ஆகியவற்றைக் கழுவி உலர்த்திய வெறுங்கையால் தொடுவதே நல்லது. கையுறை போட்ட விரலுக்குத் தாளின் மென்மை தெரியாது, ஓரம் கிழியும். 2005-இல் கேத்லீன் பேக்கர், ராண்டி சில்வர்மன் இருவரும் வெள்ளைக் கையுறை மரபைக் கேள்வி கேட்டு எழுதிய கட்டுரைக்குப் பிறகு நூலகங்கள் பல இதை ஏற்றன. ஆனால் புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும் கையுறை கட்டாயம். ஒரே வகைப் பொருளை வரிசையாகப் பார்க்கும் நாளில், உலர்ந்த சுத்தமான இணையை அதே ஆள் கழற்றி மாட்டித் திரும்ப அணிவதிலும் பிழையில்லை. மறுசுழற்சித் தொட்டிக்குப் போகாத கையுறைதான் எல்லாவற்றிலும் மலிவானது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு பேர் வேலை செய்யும் காப்பகத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து இணை என்றால் 40 கையுறை. ஆண்டுக்கு 250 வேலைநாள் என்று வைத்தால் 10,000 கையுறை. ஒன்று நான்கு கிராம் என்றால் 40 கிலோ. எடையில் பெரிதல்ல, ஆனால் குப்பைத் தொட்டியில் அடைக்கும் இடம் பெரிது. இந்தச் சிறுமையே தடையாகவும் ஆகிறது. நாற்பது கிலோ ரப்பருக்காக எந்த மறுசுழற்சி ஆலையும் லாரி அனுப்பாது.

தைப்பிங்கிலிருந்து தெற்கே நெடுஞ்சாலையில் ஈப்போவைக் கடந்து சிலாங்கூருக்குள் இறங்கினால் கிள்ளான், மேரு, காப்பார். ஒருகாலத்தில் பால்மரத் தோட்டங்கள் சூழ்ந்த பகுதி. இப்போது தோட்டங்களில் மிஞ்சியவை பெரும்பாலும் செம்பனை. இடையிடையே நீண்ட கூரைகளோடு கையுறை ஆலைகள். உலகில் விற்கும் ரப்பர்க் கையுறைகளில் பாதிக்கும் மேல் மலேசியாவில் செய்யப்பட்டவை என்று பெருந்தொற்றுக் காலத்தில் கணக்கிடப்பட்டது. உலகின் மிகப் பெரிய கையுறை நிறுவனமான டாப் குளோவ் 1991-இல் இந்த மாநிலத்தில் தொடங்கியதுதான்.

ஆலையில் கையுறை பிறப்பது கை வடிவப் பீங்கான் அச்சுகளில். ஆயிரக்கணக்கான அச்சுகள் விரல் கீழ்நோக்கி ஒரு முடிவற்ற சங்கிலியில் தொங்கிக்கொண்டு நகர்கின்றன. முதலில் அமிலத்திலும் காரத்திலும் கழுவல். அடுத்து கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு முக்கு. பால் திரைந்து அச்சில் ஒட்ட இது வேண்டும். பிறகு நைட்ரைல் பாலில் முக்கு. இந்தப் பாலில் பால்மரத்தின் சொட்டு ஒன்றும் கிடையாது. பெட்ரோலியத்திலிருந்து வரும் அக்ரிலோநைட்ரைலையும் பியூட்டாடையீனையும் இணைத்துச் செய்யும் ரசாயனப் பால் அது.  பாலோடு கந்தகம், துத்தநாக ஆக்சைடு, முடுக்கிகள், நிறமி கலந்திருக்கும். ஒட்டிய படலத்தை வெந்நீரில் அலசி, விளிம்பைச் சுருட்டி, சூளையில் வேகவைக்கிறார்கள். தூள் போடாமலே எளிதாக மாட்டுவதற்காகக் குளோரினில் நனைத்தோ பாலிமர் பூசியோ உரித்தெடுக்கிறார்கள்.

மறுசுழற்சியின் சிக்கல் முழுவதும் அந்தச் சூளையில் உருவாகிறது. அங்கே கந்தகமும் துத்தநாகமும் நீண்ட ரப்பர் மூலக்கூறுகளுக்கு இடையே குறுக்குக் கட்டுப் போடுகின்றன. கையுறைக்கு வலுவும் மீள்தன்மையும் தருவது இந்தக் கட்டுதான். பால் புட்டியின் பாலிஎத்திலீனை உருக்கி மறுபடி வார்க்கலாம். கட்டுப்பட்ட ரப்பர் உருகாது, சூடேற்றினால் கருகும். வெந்த இட்லி மறுபடி மாவாகாது. எனவே பழைய கையுறையிலிருந்து புதிய கையுறை செய்யும் வழி தொழில்முறையில் இன்று இல்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் மறுசுழற்சியைப் பற்றிப் பேச வேண்டும். கையுறை விற்பனை விளம்பரங்களில் வரும் வட்ட அம்புக்குறி தரும் நினைப்பு வேறு.

நடப்பில் உள்ள வழிகள் இரண்டு. ஒன்று அரைத்தல். கையுறையைத் துண்டாக்கி, சில ஆலைகளில் திரவ நைட்ரஜனில் குளிர்வித்து நொறுங்கவைத்து, பொடியாக்கி, பிளாஸ்டிக்கோடோ பிற ரப்பரோடோ நிரப்பியாகக் கலக்கிறார்கள். மிதியடி, தரை ஓடு, பூந்தொட்டி, பூங்கா இருக்கை போன்றவை அதில் கிடைக்கும். மற்றொன்று, வெப்பமும் அழுத்திப் பிசையும் விசையும் ரசாயனமும் கொண்டு குறுக்குக் கட்டுகளில் ஒரு பகுதியை அறுத்தல். கிடைப்பது பிசையக்கூடிய மீட்பு ரப்பர். புது ரப்பரின் வலு அதற்கு இல்லை. ஆனால் எண்ணெயைத் தாங்கும் நைட்ரைலின் குணம் ஓரளவு தங்கியிருக்கும். ஆலையில் ஓட்டை விழுந்தும் கிழிந்தும் கழிபடும் கையுறைகளை வாங்கி மீட்பு ரப்பர் செய்யும் தொழில் மலேசியாவில் ஏற்கெனவே உண்டு. ஒட்டுப்பாலுக்கு விலை வைத்த கணக்கு ஆலைக்குள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆலை வாசலைத் தாண்டி விற்றுப்போன கையுறைக்கு மட்டும் அது எட்டவில்லை.

இந்த ஆலைகளைப் பற்றி எழுதும்போது 2020-ஐத் தவிர்க்க முடியாது. கையுறைக்கு உலகமே வரிசையில் நின்ற அந்த ஆண்டு ஜூலையில், கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில் டாப் குளோவின் துணை நிறுவனங்களிலிருந்து வரும் சரக்கை அமெரிக்கச் சுங்கத் துறை தடுத்தது. நவம்பரில் அந்த நிறுவனத்தின் கிள்ளான் பகுதித் தொழிலாளர் விடுதிகளில் ஆயிரக்கணக்கானோருக்குக் கோவிட் பரவியது. பலர் நேபாளம், வங்கதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். குறைகள் சரிசெய்யப்பட்டதை ஏற்று 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. ஒருமுறை அணிந்து எறியக்கூடிய அளவுக்குக் கையுறை மலிவாக இருப்பதில் இந்த உழைப்பின் விலையும் அடங்கியிருக்கிறது. மறுசுழற்சி பற்றிய பேச்சு கழிவோடு மட்டும் நின்றால் அது பாதிப் பேச்சு.

பயன்படுத்திய கையுறையைத் திரும்பச் சேர்க்கும் முறையான ஏற்பாடு முதலில் அமெரிக்காவில் உருவானது. கிம்பர்லி-கிளார்க்கின் தொழில்துறைப் பிரிவு 2011-இல் ரைட்சைக்கிள் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. தன் கையுறையை வாங்கும் ஆய்வகங்கள் அதைச் சேர்த்து அனுப்பினால் அரைத்துப் பொருளாக்கும் ஏற்பாடு அது. 2024-இல் அந்தப் பாதுகாப்பு உடைத் தொழில் முழுவதும் ஆன்செல் நிறுவனத்துக்குக் கைமாறியது. நியூ ஜெர்சியின் டிரென்டனில் உள்ள டெராசைக்கிள் வேறு வழியில் இயங்குகிறது. காலிப் பெட்டியை விலைக்கு வாங்கி, எந்த நிறுவனத்தின் கையுறையானாலும் நிரப்பி அனுப்பலாம். பெட்டியின் விலையிலேயே போக்குவரத்தும் பிரித்தெடுக்கும் செலவும் அடங்கும். முதல் முறை வாங்குபவரை ஒரே நிறுவனத்தோடு கட்டிப்போடுகிறது. இரண்டாவது முறையில் செலவு முழுவதும் அருங்காட்சியகத்தின் தலையில். சிறிய அருங்காட்சியகத்துக்கு இரண்டுமே எளிதல்ல.

இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு: நச்சுப் பட்ட கையுறை பெட்டிக்குள் வரக் கூடாது. அருங்காட்சியகத்தில் இந்த நிபந்தனை தோன்றுவதைவிடக் கடினமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாடம் செய்த விலங்குக்கும் பறவைக்கும் தோலின் உட்புறம் ஆர்செனிக் சோப்பு பூசுவது உலகெங்கும் வழக்கம். தாள்களில் ஒட்டிய உலர் செடி மாதிரிகளுக்குப் பூச்சி வராமல் பாதரச குளோரைடு தடவினார்கள். இறகு, தோல், மரப்பட்டை உடைகளில் பின்னாளில் டிடிடி தூவியதும் உண்டு. அந்தத் தலைமுறை மாதிரிகளைத் தொடும்போது கையுறையின் வேலை தலைகீழாகிறது. இப்போது அது மனிதரைப் பொருளிடமிருந்து காக்கிறது. பழைய வௌவால் மாதிரியைத் தொட்ட கையுறையும் பீங்கான் கிண்ணத்தைத் தொட்ட கையுறையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றை மற்றதோடு போட்டால் பெட்டி முழுவதும் கெட்டது.

எனவே மறுசுழற்சியின் வெற்றி தோல்வி பெரும்பாலும் வேலை மேசையருகே தீர்மானமாகிறது. சுத்தமானதற்கு ஒன்று, நச்சுப் பட்டதற்கு ஒன்று என இரண்டு தொட்டி, இரண்டு நிறம், அவற்றில் தெளிவான எழுத்து. எந்த அலமாரியின் பொருள்கள் நச்சுள்ளவை என்பது பதிவேட்டில் இருக்க வேண்டும். கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி ஆர்செனிக்கையும் பாதரசத்தையும் மாதிரியைக் கீறாமலே காட்டிக்கொடுக்கும். கரைப்பான் பட்டது, பூஞ்சை பட்டது, ஈயப் பூச்சு சுரண்டியது, ரத்தம் பட்டது எல்லாம் முதல் தொட்டிக்கு ஆகாது. சந்தேகம் வந்தால் நச்சுத் தொட்டிதான். சுத்தமான தொட்டிக்குள் டிஷ்யூ தாள், ஒட்டுநாடா, பெயர்ச்சீட்டு எதுவும் விழாமல் பார்க்க வேண்டும். அரைக்கும் ஆலைக்குத் தாள் பெரிய தொல்லை. ஈரமான கையுறையை உலரவிட்டே போட வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் புழுக்கத்தில் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

நச்சுத் தொட்டியின் பாதை கோலாலம்பூரைத் தாண்டித் தெற்கே செல்கிறது. மலேசியாவில் 2005-ஆம் ஆண்டு விதிகள் நச்சுக் கழிவுகளை அட்டவணைப்படுத்தி, அவற்றை உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்கின்றன. அத்தகைய கழிவுக்கான ஒருங்கிணைந்த மையம் நெகிரி செம்பிலானில் போர்ட்டிக்சன் பக்கம் புக்கிட் நானாசில் இருக்கிறது. உயர்வெப்ப உலையும் பாதுகாப்பான நிலப்புதைப்பும் அங்கே உண்டு. நைட்ரைலில் நைட்ரஜன் இருப்பதால் குறை வெப்பத்தில் திறந்த வெளியில் எரித்தால் ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். கொல்லையில் கையுறையைக் கொளுத்துவது எந்த ஊரிலும் செய்யக் கூடாத வேலை.

பாதையின் தென்முனை சிங்கப்பூர். ஜூரோங்கில் 2000-ஆம் ஆண்டு முதல் இயங்கும் மரபுடைமைப் பாதுகாப்பு மையம் நாட்டின் தேசியத் தொகுப்பைச் சேமித்துப் பேணுகிறது. 2015-இல் திறந்த லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பழைய ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தின் விலங்குத் தொகுப்பு இருக்கிறது. கையுறைத் தேவை மிகுந்த நகரம் இது. மறுசுழற்சிக்கென்று பிரிக்காத குப்பை இங்கே எரியுலைகளுக்குப் போகிறது. எரித்தால் அதன் கன அளவு பத்தில் ஒரு பங்காகக் குறையும். வெப்பத்தில் மின்சாரமும் கிடைக்கும். மிஞ்சும் சாம்பலைத் துவாசிலிருந்து படகில் ஏற்றி, 1999 முதல் செமாக்காவ் தீவில் கொட்டுகிறார்கள். அந்த ஒரே நிலப்புதைப்பிடமும் 2035 அளவில் நிரம்பிவிடும் என்பது அரசின் மதிப்பீடு. சயனைடு அச்சமில்லாத, கட்டுப்பாடான உலை என்பதால் எரிப்பதைக் குற்றமென்று சொல்ல முடியாது. ஆனால் சுத்தமான ரப்பரை ஒரே ஒரு முறை எரிபொருளாக்குவது அதன் மதிப்பில் மிகக் குறைந்ததைப் பெறுவதாகும்.

நிலப்புதைப்பில் மண்ணாகிவிடும் என்று சொல்லி விற்கப்படும் மக்கும் நைட்ரைலும் இங்கே உதவாது. அதில் சேர்த்த பொருள் காற்றில்லாத நிலப்புதைப்பில் நுண்ணுயிர்களை வரவழைத்து ரப்பரைச் சிதைக்கும் என்கிறார்கள் விற்பவர்கள். அப்படிச் சிதைந்தால் வெளிவருவதில் மீத்தேனும் உண்டு. குப்பையை எரிக்கும் நகரத்தில் அந்தக் குணத்துக்கு வேலையே இல்லை.

சிங்கப்பூரிலிருந்து கிள்ளானுக்குச் சுமார் 350 கிலோமீட்டர். கையுறை நிரம்பிய பெட்டிகள் அந்தச் சாலையில் தெற்கே வருகின்றன. வரும் லாரிகள் திரும்பும்போது சுத்தமான பழைய கையுறைக்கு அவற்றில் இடம் இருக்கும். பெருங்கடல் கடந்து டிரென்டனுக்கு அனுப்புவதைவிட, மீட்பு ரப்பர்த் தொழில் இருக்கும் ஊருக்கு அனுப்புவதே பொருத்தம். அதற்கு மூன்று காரியம் தேவை. அருங்காட்சியகங்கள், உலர் தாவரக் காப்பகங்கள், பல்கலைக்கழக ஆய்வகங்கள் சேர்ந்து ஒரே கிடங்கில் குவித்தால்தான் அவரவர் நாற்பது கிலோ சேர்ந்து டன் கணக்காகும். எல்லை கடக்கும் கழிவு என்பதால் இரு நாட்டுச் சுற்றுச்சூழல் துறைகளின் ஒப்புதலும், நச்சு கலக்கவில்லை என்ற சான்றும் வேண்டும். மூன்றாவது, கையுறை வாங்கும் ஒப்பந்தத்திலேயே திரும்பப் பெறும் பொறுப்பை விற்பவர்மேல் எழுதுவது. பெரும் எண்ணிக்கையில் வாங்கும் அரசு நிறுவனங்களுக்கு அந்த வரியைச் சேர்க்கும் வலிமை இருக்கிறது. ஆலைகளுக்கு ரப்பரை மீட்கும் தொழில் கைவசம் இருக்கிறது.